ரெண்டு லிட்டர் தண்ணியும் ஒரு பொய்யும்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் இருப்பவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்புறமா வாங்க. விஷயம் அப்படி.

2024 நவம்பரில் எனக்குக் கொலோனோஸ்கோபி நடந்தது. ஒரு தடவை இல்லை, பதினஞ்சு நாள் இடைவெளியில் ரெண்டு தடவை. ஏன் ரெண்டு தடவை என்று ஆபீசில் கேட்டவர்களிடம் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மெஷினுக்கு ஒரு ரிப்பேரும் இல்லை. இங்கே உண்மையைச் சொல்லிவிடலாம், ஆபீசில் ஒருத்தருக்கும் தமிழ் படிக்க வராது.

இருப்பது நாக்பூரில். பேங்க் டிரான்ஸ்ஃபரில் வந்து நாலு வருஷம் ஆகிறது. வயசு 47. அந்த வருஷம் ஜூலையிலிருந்து அவ்வப்போது காலையில் ரத்தம் வந்தது. ஒரு வாரம் வரும், பத்து நாள் காணாமல் போகும். மூலம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்கிறவனுக்கு வேற என்ன வரும்? தங்கமணியிடம் மூச்சு விடவில்லை. அக்டோபரில் அவளே பார்த்துவிட்டாள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, மறுநாளே ராம்தாஸ்பேட்டில் ஒரு குடல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். (நாக்பூரில் ராம்தாஸ்பேட், தந்தோலி பக்கம் போனால் வீட்டைவிட ஆஸ்பத்திரிதான் அதிகமாகத் தெரியும்.)

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு. அப்பா விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்குப்பிள்ளை. 2009லிருந்து அவருக்கும் இப்படித்தான். மூலம் என்று துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, யாரோ கொடுத்த லேகியம் என்று ஒரு வருஷத்துக்கு மேலே ஓட்டினார். 2010ல் மதுரையில் காட்டியபோது பெருங்குடலில் கட்டி, ஈரல் வரைக்கும் போயிருந்தது. 2011ல் போய்விட்டார், 66 வயசு. டாக்டர் என் கதையைக் கேட்டுவிட்டு அப்பா கதையையும் கேட்டார். "அப்பாவுக்கு இருந்திருக்குன்னா நீங்க 40 வயசுலயே ஒரு தடவை பார்த்திருக்கணும்" என்றார். ஏழு வருஷம் ஓவர்டியூ. என்.பி.ஏ. ஆகாமல் இருந்தால் சரி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கொலோனோஸ்கோபி என்றால் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை, பின்வழியாக ஒரு வளையும் குழாயில் கேமரா விட்டுப் பார்ப்பது. மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. அரை மணி நேர வேலை. அவஸ்தை எல்லாம் அதுக்கு முன்னாடி நாள்தான். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாதே! அதுக்காக ஒரு பவுடர். பேர் பாலிஎதிலீன் கிளைக்கால், கூடவே சில உப்புகள். 2 லிட்டர் தண்ணீரில் கலக்கி, முதல் நாள் சாயங்காலம் 1 லிட்டர், மறுநாள் விடியற்காலை 1 லிட்டர் குடிக்க வேண்டும்.

இந்தப் பவுடர் எப்படி வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். இது குடலில் உறிஞ்சப்படுவதில்லை, தண்ணீரையும் உறிஞ்ச விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே அடித்துக்கொண்டு வெளியே வரும். உப்புகள் சேர்ப்பதால் உடம்பிலிருந்து உப்பு பெரிசாகக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பி.காம் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உள்ளே போகிற கணக்கும் வெளியே வருகிற கணக்கும் டேலி!

எங்க பிராஞ்ச் கேஷியருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் எப்போதோ சின்ன பாட்டில் மருந்து, 45 மில்லிதான், அதைக் குடித்து முடித்தாராம். எனக்கும் அதைக் கொடுங்களேன் என்று டாக்டரிடம் கேட்டேன். அது சோடியம் பாஸ்பேட், சிலருக்குக் கிட்னியைக் கெடுத்துவிடும், 2008லேயே அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை கொடுத்தாச்சு, அதுவும் நீங்கள் பி.பி.க்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிற ஆள், உங்களுக்குக் கிடையவே கிடையாது என்று முடித்துவிட்டார். கூடவே ஒரு தாள் கொடுத்தார், என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று. அதை மடித்துப் பையில் வைத்தேன். எத்தனை சர்க்குலரை மடித்து வைத்திருக்கிறோம்!

முதல் டெஸ்ட் நவம்பர் 9, ரெண்டாவது சனிக்கிழமை. பேங்க் லீவு நாளாகப் பார்த்துப் போட்டேன், ஒரு லீவு மிச்சம். ஆக வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம். மராட்டியர்கள் வீட்டு ஃபராள் டப்பாக்கள் இன்னும் மேஜை மேஜையாகத் திறந்திருந்தன. சிவ்டா, சக்லி, ஷங்கர்பாளி. தாளில் என்ன போட்டிருந்தது? விதை கூடாது, பருப்பு கூடாது, தோல் உள்ளது எதுவும் கூடாது. சிவ்டாவில் என்ன இருக்கும்? அவல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, கடுகு, கறிவேப்பிலை. ஒரு கைப்பிடிதானே என்று பதினொரு மணிக்கு ஒன்று, மூணு மணிக்கு ஒன்று.

சாயங்காலம் முதல் லிட்டரை ஆரம்பித்தேன். ருசியைச் சொல்ல வேண்டுமென்றால், யாரோ லெமன் சோடாவில் கடல் தண்ணீரை ஊற்றி, கேஸ் போன பிறகு கொடுத்த மாதிரி. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இதெல்லாம் வேலை செய்யாது என்று தங்கமணியிடம் பெருமையாகச் சொல்லி முடிக்கவில்லை, ஓடினேன். நடுராத்திரிக்குள் எட்டு தடவை.

விடியற்காலை அஞ்சு மணி. நாக்பூர் நவம்பர் குளிர். ரெண்டாவது லிட்டர் பிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் இருக்கிறது. ஒரு டம்ளர் குடித்தேன், குமட்டியது. அதைவிடப் பெரிய பயம் ஆட்டோ. குவார்ட்டர்சிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம், வழியில் வந்துவிட்டால்? ராத்திரியே தண்ணியாத்தான் போச்சு, இதுக்கு மேல என்ன இருக்கும் உள்ளே? தங்கமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்த முக்கால் லிட்டரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குழாயையும் திறந்துவிட்டேன். சத்தம் கேட்டு எழுந்து வந்தவள் "முடிச்சாச்சா?" என்றாள். "ஆச்சு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி, "பானி ஜைசா ஹுவா?" தண்ணி மாதிரி ஆச்சா என்று. ஆச்சு என்றேன். முழுக்கக் குடித்தீர்களா? குடித்தேன். கையெழுத்து போடுங்க. போட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு ஜூனியர் ஆபீசரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். கடன் வாங்கின பார்ட்டியின் குடோனுக்குப் போகாமலே, நேரில் பார்த்தேன், சரக்கு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து போட்டிருந்தான். "பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத எப்படிப்பா கை வருது?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். எப்படிக் கை வருகிறது என்று எனக்கே இப்போது தெரிந்துவிட்டது. ரொம்ப சுலபமா வருது.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது தங்கமணி பக்கத்தில் நிற்கிறாள், டாக்டர் எதிரில். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நேத்து சிவ்டா சாப்பிட்டீங்களா?" என்றார். கேமராவில் வேர்க்கடலைத் தோலும் கடுகும் தெரிந்ததாம்! குடல் சுத்தத்துக்கு ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, பாஸ்டன் ஸ்கேல் என்று பேர். குடலை மூணு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 வந்தால்தான் பார்த்ததற்கு அர்த்தம். எனக்கு இடப்பக்கம் 2, நடுவில் 1, வலப்பக்கம் 0. மொத்தம் 3. என் சிபில் ஸ்கோர் 800க்கு மேலே. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

"காலையில குடிக்கிற லிட்டர்தான் வலப்பக்கத்தை சுத்தம் பண்ணும். ராத்திரி சிறுகுடலிலிருந்து வர்றது எல்லாம் அங்கேதான் வந்து ஒட்டும். முழுக்கக் குடிச்சீங்கதானே?" என்றார். தங்கமணி என் முகத்தைப் பார்த்தாள். "குடிச்சேன் டாக்டர்." பதினஞ்சு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் உண்மையைச் சொன்னேன். மயக்க மருந்தின் மிச்சமா, மனசாட்சியா தெரியாது. கத்துவாள் என்று நினைத்தேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். குவார்ட்டர்ஸ் கேட் வந்ததும், "மாமாவும் இப்படித்தானே டாக்டர்கிட்டே ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். அதோட சரி. அன்றைக்கு முழுக்க வேற பேச்சு இல்லை.

ரெண்டாவது தடவை நவம்பர் 23, நாலாவது சனிக்கிழமை. இந்த முறை வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியாச்சு, கன்கரண்ட் ஆடிட்டர் வீட்டிலேயே. மூணு நாளைக்கு முன்னாடியே கீரை, காய், பழம், கோதுமை, பருப்பு எல்லாம் நிறுத்தம். வெள்ளைச் சோறு, தயிர், இட்லி, தோலுரித்த உருளைக்கிழங்கு. இதில் நம்மவர்கள் யாரும் சொல்லாத கஷ்டம் ஒன்று இருக்கிறது. தாளிக்கக் கூடாது. கடுகு இல்லை, சீரகம் இல்லை, கறிவேப்பிலை இல்லை, மிளகாய் விதை இல்லை. தாளிக்காத தயிர் சாதத்தை மூணு நாள் தின்று பாருங்கள், நம்ம ஊர் சமையலில் கடுகு எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தெளிந்த தண்ணி வகை மட்டும். இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், துணியில் வடிகட்டின தெளிவு ரசம். பால் கூடாது. காபி வேண்டுமானால் பால் இல்லாமல் வெறும் டிகாக்ஷன். கும்பகோணத்துக்காரி கையால் அதை வாங்கிக் குடித்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. மாதுளை, பீட்ரூட், ரூஹ் அஃப்ஸா மாதிரி சிவப்பு எதுவும் ஆகாது, கேமராவில் ரத்தம் மாதிரி தெரியுமாம். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்னாடியே நிறுத்த வேண்டியிருக்கும். சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதெல்லாம் உங்க டாக்டரிடம் கேட்டுத்தான். நீங்களே முடிவு பண்ணாதீங்க. என்னுடைய பி.பி. மாத்திரையைக் காலையில் ஒரு வாய் தண்ணியோடு போடச் சொல்லியிருந்தார்.)

சாயங்காலம் ஆறு மணி. ஜக்கில் தங்கமணி மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருந்தாள், கால் லிட்டருக்கு ஒரு கோடு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். நல்லா ஜில்லென்று இருந்தால் ருசி பாதி செத்துவிடும். ஸ்ட்ராவை நாக்குக்குப் பின்னாடி தள்ளி வைத்து உறிஞ்சினால் இன்னும் பாதி. ஒவ்வொரு டம்ளருக்கும் பிறகு ஒரு எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம். ஜில்லென்று குடித்ததில் உடம்பு நடுங்கும், அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. உட்கார்ந்தால் வயிறு உப்புகிறது, நடந்தால் இறங்குகிறது. அப்புறம், ஓட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எங்கே என்று கேட்காதீங்க. அஞ்சாவது தடவைக்கு மேல் அதன் அருமை புரியும். பேப்பர் வேண்டாம், தண்ணிதான், அதுவும் வெதுவெதுப்பா.

வீட்டில் ரெண்டு பாத்ரூம். வெஸ்டர்ன் இருக்கிறதை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். பிளஸ் டூ படிக்கிற மகள் கதவில் "அப்பா பிராஞ்ச், 24 மணி நேர சேவை" என்று பேப்பர் ஒட்டினாள். பெத்த பிள்ளை!

விடியற்காலை நாலரைக்கு ரெண்டாவது லிட்டர். பத்து மணி டெஸ்டுக்கு எட்டு மணிக்குள் எல்லாம் நிறுத்தியாக வேண்டும். ஆறாவது டம்ளரில் வாந்தி வருகிற மாதிரி வந்தது. போன தடவை இந்த இடத்தில்தான் வாஷ்பேசின் பக்கம் போனேன். இந்தத் தடவை எதிரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், சால்வையைப் போர்த்திக்கொண்டு. "அரை மணி நேரம் விட்டுக் குடிங்க. நேரம் இருக்கு" என்றாள். விட்டுக் குடித்தேன். இறங்கியது. ஏழாவது. எட்டாவது. ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"என்ன கலர்?" என்று கேட்டாள். கல்யாணமாகி 21 வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்பாள் என்றோ, நான் கதவைத் திறந்து "வந்து பாரு" என்பேன் என்றோ ரெண்டு பேரும் நினைத்ததில்லை. தெளிந்த மஞ்சள். அடியில் பீங்கான் தெரிந்தது. ஆட்டோவில் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கடைசி டம்ளர் முடிந்து ரெண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்தப் பயத்துக்காகத்தான் முக்கால் லிட்டரைக் கொட்டினேன்.

அன்றைக்கு மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. வெயிட்டிங் ஹாலில் நோயாளியும் கம்பவுண்டரும் டி.வி.யை விட்டு நகரவில்லை. பச்சை அங்கியைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நகர்ந்தேன்.

முழிப்பு வந்ததும் டாக்டர் முதலில் மார்க்கைச் சொன்னார். 8. பிறகு, ரத்தம் வந்தது மூலத்தினால்தான் என்றார். அதாவது ஜூலையில் நான் எழுதின தீர்ப்பு சரி! ஒரு நிமிஷம் ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்ததாக ஒரு போட்டோவைக் காட்டினார். வலப்பக்கத்து ஏறுகுடலில், மடிப்போடு மடிப்பாக, கிட்டத்தட்ட தட்டையாக ஒரு பாலிப், 12 மில்லிமீட்டர். ரத்தமும் இல்லை, வலியும் இல்லை, தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. கம்பி வளையம் போட்டு அப்போதே வெட்டி எடுத்தாச்சு. "போன தடவை உங்க கடுகு இருந்த இடம்" என்றார்.

பயாப்சி ரிப்போர்ட் வர ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிராஞ்சில் லாக்கர் சாவியை ரெண்டு தடவை மறந்து வைத்தேன், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் அடினோமா, புற்று இல்லை. இந்த வகைதான் விட்டு வைத்தால் பல வருஷத்தில் மாறக்கூடியது, பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும் என்றார். எல்லா பாலிப்பும் மாறாது, எது மாறும் என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது, அதனால் எடுத்துவிடுவது. அடுத்த டெஸ்ட் மூணு வருஷத்தில், 2027 நவம்பர். "கூடப் பிறந்தவங்க யாராவது?" என்று கேட்டார்.

அக்கா. 52 வயசு, விருதுநகரில். அன்றைக்கு ராத்திரியே போன் போட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன். அந்த எடத்துல போய்க் கேமராவா?" என்றாள். எனக்கும் ஒன்றும் இல்லாத இடத்தில்தான் இருந்தது என்றேன். கேட்கவில்லை. கடைசியில் வாஷ்பேசின் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். ரொம்ப நேரம் லைனில் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள், "அப்பா என்கிட்ட மொதல்லயே சொன்னாருடா. மதுரைக்குப் போறதுக்கு எட்டு மாசம் முன்னாடி. ரத்தம் போகுது, யார்ட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல." பதினாலு வருஷம் அதை அவள் மட்டும் வைத்திருந்திருக்கிறாள். நான் என்ன சொல்ல? "மதுரையில டாக்டர் பாக்கறேன்க்கா" என்றேன். "பாரு" என்றாள்.

2025 ஜனவரியில் அவளுக்கு டெஸ்ட். (எல்லாம் கிளீன். ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு லிட்டர் குடிக்க வெச்சியே என்று இன்னும் திட்டு விழுகிறது.) அத்தான் தூங்கிவிடுவார், நீ போன்ல இரு என்று சொல்லியிருந்தாள். விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். நான் நாக்பூர் ஹாலில் ஸ்வெட்டரோடு, அவள் விருதுநகர் அடுப்படியில், ரெண்டு பேரும் நடந்துகொண்டே பேசினோம். மில்லுக்கு அப்பா சைக்கிளில் போவது, அவர் டிபன் பாக்ஸ், அவர் கையெழுத்து. அஞ்சாவது டம்ளரில் "முடியலடா, ஊத்திரட்டுமா?" என்றாள்.

"அரை மணி நேரம் விட்டுக் குடிக்கா. நேரம் இருக்கு."

"சரி, நீ பேசிக்கிட்டே இரு" என்றாள். அடுத்த நிமிஷமே "இருடா, வந்துர்றேன்" என்று போனை அடுப்படி மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் லைனிலேயே இருந்தேன்.